வயிற்றில் குழந்தை இருக்கும்போது டேனிங் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் கர்ப்பம், இது 11ஆவது வாரம். வருடத்தில் நான்கைந்து முறை டேனிங் பெட்டில் படுத்துத் தோலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றிக்கொள்வது என் வழக்கம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், போய் வந்துவிட்டேன். அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? ஆறு வாரம் கழித்துத் தங்கையின் திருமணம். அதற்கு முன் இன்னும் ஒரு முறை போகலாமா? கூடாது என்றால் கடற்கரை வெயில், லோஷன், ஸ்ப்ரே, இவற்றில் எது பரவாயில்லை?

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்த இரண்டு முறையால் குழந்தைக்குக் கெடுதல் வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. டேனிங் பெட்டிலிருந்து வருவது எக்ஸ்ரேயைப் போல உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிற கதிர் கிடையாது. அதன் விளக்குகள் தருவது புற ஊதாக் கதிர். அதில் ‘பி’ வகை பெரும்பாலும் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். ‘ஏ’ வகை அதற்கு அடுத்த அடுக்கு வரை இறங்கும். ஆழம் என்று பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதற்கும் கீழே கொழுப்பு, தசை, கருப்பைச் சுவர், பனிக்குட நீர் என்று எத்தனை திரை இருக்கிறது. கதிர் கருவைப் போய்ச் சேர வழியே இல்லை. சிலர் கூச்சப்பட்டுக்கொண்டே இன்னொன்றும் கேட்பார்கள்: நான் கறுத்தால் குழந்தையும் கறுப்பாகப் பிறக்குமா? பிறக்காது. குழந்தையின் நிறத்தை முடிவு செய்வது அப்பா, அம்மாவின் மரபணுக்கள். உங்கள் தோலில் ஏறிய டேன் உங்களோடு முடிந்துபோகிறது.

சரி, அப்படியென்றால் இன்னொரு முறை போனால்தான் என்ன என்று தோன்றும். போகாதீர்கள். டேனிங் பெட்டை எதற்காகத் தேடிப் போகிறீர்களோ, அந்தச் சீரான பழுப்பு நிறம் கர்ப்ப காலத்தில் கிடைப்பது சந்தேகம். திட்டுத் திட்டாக மங்கு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், நிறமிச் செல்களைத் தூண்டும் ஹார்மோன் மூன்றுமே கூடுகின்றன. மார்புக் காம்பைச் சுற்றிக் கறுப்பது, தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு இறங்குவது எல்லாம் இவற்றின் வேலைதான். அங்கெல்லாம் வெயில் பட்டதா என்ன? வெயிலே படாமல் இவ்வளவு கறுக்கிற தோலின் மேல் புற ஊதாக் கதிரைக் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கன்னம், நெற்றி, மேலுதடு, இந்த இடங்களில் நிறமி கூட்டம் சேர்ந்துவிடும். இதற்குப் பெயர்தான் மங்கு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது மேலுதட்டை. மீசை அரும்பியதுபோல ஒரு நிழல் தெரியும். ஏதோ அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து, சுற்றிலும் சிவந்துபோயிருக்கும். அது தேய்த்தால் போகிற சமாச்சாரம் இல்லை.

இதில் இன்னொரு சங்கடம், கர்ப்பமாக இருக்கும்போது மங்குவுக்கு வைத்தியம் செய்யக் கையில் அதிக மருந்து இருக்காது. வழக்கமாகக் கொடுக்கிற ஹைட்ரோகுவினோன் கிரீமில், தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரத்தத்துக்குள் போய்விடும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். டிரெட்டினோயின் வகைக் கிரீம்களும் வேண்டாம். அசெலாயிக் அமிலம் மாதிரி ஒன்றிரண்டுதான் மிச்சம், அவையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே மங்கிவிடும். சிலருக்குப் போகவே போகாது. போனவர்களுக்கும் அடுத்த கர்ப்பத்திலோ கருத்தடை மாத்திரை தொடங்கும்போதோ அதே இடத்தில் திரும்பி வரும். பத்து நிமிட நிறத்துக்காக இத்தனை வருடத் தொல்லையை யாராவது விலைக்கு வாங்குவார்களா?

அடுத்தது ஃபோலேட். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தேவையான வைட்டமின் இது. ‘ஏ’ வகைக் கதிர் பட்டால் இரத்தத்தில் இருக்கும் ஃபோலேட் சிதையும் என்பது 1978இலேயே வெளிவந்த ஆய்வு. சோதனைக் குழாயில் இருந்த பிளாஸ்மாவின் மேல் சூரிய ஒளி போன்ற வெளிச்சத்தைப் பாய்ச்சியபோது, ஒரு மணி நேரத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை ஃபோலேட் குறைந்திருந்தது. குழாயில் நடப்பது அப்படியே உடம்பிலும் அதே அளவில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நேரம் முக்கியம். தண்டுவடமாக மாறவிருக்கும் நரம்புக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்போதுதான் மாதவிடாய் தள்ளிப்போனதே உறைத்திருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறோம். நீங்கள் 11ஆவது வாரத்தில் இருக்கிறீர்கள், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இரண்டு தடவை பத்து நிமிடம் படுத்ததால் அப்போது பெரிதாக எதுவும் குறைந்திருக்காது. இருந்தாலும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் முதுகெலும்பை எப்படியும் பார்ப்பார்கள். டேனிங்கை யோசித்துக்கொண்டு குழந்தைக்குத் திட்டமிடுகிற தோழிகள் உங்களுக்கு இருந்தால், இந்தப் பத்தியை அவர்களுக்கு அனுப்புங்கள். உங்களைவிட அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

சூடும் ஒரு பிரச்சினைதான். மூடிய பெட்டிக்குள் விளக்குகளுக்கு நடுவே படுத்திருந்தால் உடம்பு சூடேறும். முதல் மூன்று மாதத்தில் உடலின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையது என்று தெரிந்திருக்கிறது. காய்ச்சல், வெந்நீர்த் தொட்டி, சானா மூன்றிலும் எச்சரிக்கை சொல்வது இதற்காகத்தான். பத்து நிமிட டேனிங் அந்த அளவுக்கு ஏற்றிவிடாது, ஆனால் தலைசுற்ற வைத்துவிடும். கர்ப்பத்தில் இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்து, இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். அந்த நிலையில் வெக்கையும் சேர்ந்தால், பெட்டியைத் திறந்து எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழ வாய்ப்புண்டு.

இவை போக, கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்கிற காரணம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2009இல் டேனிங் கருவிகளைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை அளவுக்குக் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை என்று அர்த்தம். அழகுக்காக இந்தக் கருவியைப் பயன்படுத்துவதை பிரேசில் அதே ஆண்டில் தடை செய்தது. டேன் என்பதே, டிஎன்ஏ அடிபட்டதும் தோல் அவசரமாக விரிக்கிற குடைதான். அதுவும் ஓட்டைக் குடை. கஷ்டப்பட்டு ஏற்றிய நிறம் தருகிற பாதுகாப்பு, சன்ஸ்கிரீனின் பலத்தைச் சொல்கிற எஸ்பிஎஃப் கணக்கில் 3 அல்லது 4க்குச் சமம். ‘வெயிலுக்குப் போகுமுன் கொஞ்சம் டேன் ஏற்றிக்கொண்டால் தோல் எரியாது’ என்று டேனிங் நிலையத்தில் சொல்வதை நம்பாதீர்கள். ‘வைட்டமின் டி கிடைக்கும்’ என்பதும் அதே ரகம். டேனிங் விளக்குகளில் பெரும்பங்கு ‘ஏ’ வகைக் கதிர், வைட்டமின் டி தயாராவது ‘பி’ வகையில். தேவைப்பட்டால் ஒரு மாத்திரை அந்த வேலையைச் செய்துவிடும்.

கடற்கரைக்குத் தாராளமாகப் போங்கள். நிறம் ஏற்றுவதற்காக வெயிலில் போய்ப் படுக்காதீர்கள், அவ்வளவுதான். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழலில் இருங்கள், அகலமான தொப்பி போடுங்கள், தண்ணீர் பாட்டில் காலியானதும் நிரப்புங்கள். நீர் வற்றினால் வயிறு இறுக்கிப் பிடிக்கும், மாதம் ஏற ஏற அது நன்றாகவே தெரியும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்ஸிபென்சோன் போன்ற சில வேதிப்பொருட்கள் தோல் வழியாக இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கலந்ததால் கெடுதல் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் மாற்று கையிலேயே இருக்கும்போது எதற்கு வம்பு? மங்குவுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி என்பதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறம் இருக்கிற சன்ஸ்கிரீன் முகத்துக்கு இன்னும் நல்லது. அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் நுனியிலிருந்து அடி வரை பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும்.

இனி லோஷன். இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. செல்ஃப் டேனிங் லோஷனில் நிறம் தருவது டைஹைட்ராக்சி அசிட்டோன், சுருக்கமாக டிஎச்ஏ என்ற ஒரு வகைச் சர்க்கரை. இது தோலுக்கு நிறம் தரும் என்று தெரியவந்ததே தற்செயலாகத்தான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு பரம்பரை நோய் இருந்த குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருந்து சிந்திய இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பானது, துணியில் மட்டும் கறை இல்லை. தன் தோலிலேயே தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். ரொட்டியை வாட்டும்போது மேலே சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான். தோலின் மேலே இருக்கும் இறந்த அடுக்கின் புரதத்தோடு சர்க்கரை சேர்ந்து பழுப்பாகிறது. உள்ளே போவது, தடவியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த இறந்த அடுக்கு உதிர்ந்ததும், அதாவது ஐந்து முதல் ஏழு நாளில், நிறமும் போய்விடும். எச்சரிக்கையான மருத்துவர்கள் முதல் 12 வாரம் மட்டும் பொறுக்கச் சொல்வார்கள். உங்கள் தங்கையின் திருமணம் அதற்குப் பிறகுதான் என்பதால் கவலை இல்லை.

அதே டிஎச்ஏதான் ஸ்ப்ரேயிலும் இருக்கிறது, ஆனால் அதை நான் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் இதற்கு இருக்கும் அனுமதி தோலின் மேல் தடவ மட்டுமே. மூச்சில் போக, உதட்டில் பட, கண்ணைச் சுற்றிப் பட அனுமதி கிடையாது. சின்ன அறைக்குள் நின்று மேலெல்லாம் பீய்ச்சிக்கொள்ளும்போது எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்? அதுவும் கர்ப்பமாக இருக்கும்போது.

மாத்திரை, ஊசி, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டேனிங் மாத்திரையில் இருக்கும் காந்தாக்ஸாந்தின் அதிக அளவில் உள்ளே போனால் விழித்திரையில் படிகமாகப் படியும். மெலனோட்டான் ஊசிக்கு அழகுக்காகப் போடும் அனுமதியே இல்லை.

ஒரு விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சோரியாசிஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவமனையில் 311 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து கொடுக்கிற ‘பி’ வகை ஒளி சிகிச்சை கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படுவதுதான். டேனிங் கூடாது என்று படித்துவிட்டு அதை நடுவில் நிறுத்திவிட வேண்டாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள். ஒளி தோலில் கூடுதலாக வேலை செய்ய வைக்கும் சோரலென் மாத்திரை சாப்பிட்டுவிட்டு எடுக்கும் ஒளி சிகிச்சை வேறு, கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறோம்.

இத்தனை வருடம் டேனிங் பெட்டில் படுத்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். மச்சங்களை ஒரு நாள் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிறும் மார்பும் விரிவதால் அங்கிருக்கும் மச்சம் கொஞ்சம் பெரிதாகலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வளர்வது, ஓரம் கலைவது, இரண்டு மூன்று நிறம் தெரிவது, இரத்தம் கசிவது இவற்றை ‘கர்ப்பத்தில் இப்படித்தான்’ என்று தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். மச்சத்தை மரப்பு ஊசி போட்டு எடுத்துச் சோதிப்பது கர்ப்பத்திலும் செய்யக்கூடியதுதான்.

திருமணத்துக்கு என்ன செய்யலாம்? ஒரே இரவுக்கு என்றால், மேக்கப்பில் வரும் பிரான்ஸர் பூசிக் கழுவிவிடுவதே எளிது. லோஷன்தான் வேண்டும் என்றால், பத்து நாள் முன்னதாக முழங்கையின் உள்பக்கம் ஒரு நாணயம் அளவு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முன்பு ஒத்துக்கொண்ட பொருள் கர்ப்பத்தில் அரிக்கலாம். வாடையும் பாருங்கள், தடவிய பிறகு வருகிற ஒரு மாதிரி பிஸ்கட் வாடை குமட்டலைக் கிளப்பினால் அந்த யோசனையையே விட்டுவிடலாம். ஒத்துக்கொண்டால் திருமணத்துக்கு இரண்டு நாள் முன் இரவு, ஜன்னலைத் திறந்துவைத்து, கையால் தடவுங்கள். முழங்கை, முழங்கால், கணுக்காலில் கொஞ்சமாக, அங்கே தோல் தடிப்பாக இருப்பதால் நிறம் அப்பிக்கொள்ளும். முடித்த கையோடு உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால், திருமணப் படம் எல்லாவற்றிலும் ஆரஞ்சு உள்ளங்கைதான் தெரியும். முதுகுக்கு மட்டும் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களுக்கு 17ஆவது வாரம்தான் நடக்கும், குனிந்து கால் வரை நீங்களே தடவிக்கொள்ளலாம்.