பேய்க்குச் சம்பளம் கிடையாது

கேள்வி: கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த அமானுஷ்யத் தொடரின் நான்காம் பகுதியைப் பார்த்தீர்களா? விடுதி அறைக்குள் பேய் நுழையும் காட்சியில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்ஜெட் இல்லாதவர்களுக்குப் பேய்க்கதை எதற்கு?

பதில்: பார்த்தேன், நானும் சிரித்தேன், ஆனால் பட்ஜெட்டை நினைத்து அல்ல. தயாரிப்பாளருக்கு மிகக் குறைந்த செலவு வைக்கும் பாத்திரம் பேய்தான். அது சம்பளம் கேட்காது, கேரவன் கேட்காது, கால்ஷீட்டைக் குழப்பாது, தன் பெயர் கதாநாயகனின் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்று அடம்பிடிக்காது. படப்பிடிப்புக்கே வராமல் இருந்தால் இன்னும் நன்றாக நடிக்கும். இத்தனை சௌகரியமான நடிகரை வரவழைத்து, வெள்ளைப் பவுடர் பூசி, கண்ணில் லென்ஸ் மாட்டி, முகத்துக்கு நேரே விளக்கையும் போட்டு நிறுத்தியதுதான் அந்த மாணவர்கள் செய்த வீண்செலவு.

1942-இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் படமும் சிக்கனத்தில் பிறந்ததே. அதில் இயக்குநர் ஜாக் தூர்னர், இரவில் தனியே நடந்து செல்லும் ஒரு பெண்ணின் காலடிச் சத்தத்தையும், சிறுத்தையாக மாறிவிடுவாளோ என்று நாம் அஞ்சும்படி அவளைத் தொடரும் இன்னொருத்தியின் காலடிச் சத்தத்தையும் நம்மைக் கேட்க வைத்து, பின்னால் வந்த சத்தம் சட்டென்று நின்ற பிறகு காத்திருக்கவும் வைக்கிறார். மிருகம்தான் பாயப்போகிறது என்று நாம் நடுங்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் அந்த உத்தியை இன்றும் 'லூட்டன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் நான்காம் பகுதியில் காலடிச் சத்தம் கேட்பதற்கு வழியே இல்லை. பின்னணி இசை பற்றி இப்பக்கத்தில் எழுதி எழுதி இசையமைப்பாளர்கள் சிலரின் கோபத்தை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேரட்டும். பேய் வருவதற்கு முன்பே வயலின்கள் வந்து, "இதோ வருகிறது, பயப்படுங்கள்" என்று அறிவித்துவிட்டால், பேய்க்கு அங்கே என்ன வேலை? காட்சி முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடி நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது ஒலிப்பதிவாளர்களின் வழக்கம். காசு செலவில்லாத அந்த அமைதி மட்டும் கையில் இருந்திருந்தால், பாதி இசையை எடுத்தெறிந்திருக்கலாம்.

நீங்கள் சிரித்த இடம் எதுவென்றும் எனக்குத் தெரியும். பூட்டிய கதவை ஊடுருவிக்கொண்டு வந்த ஆவி, சிறிது நேரத்தில் அலமாரியைத் திறப்பதற்காகக் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நிற்கிறது. கதவு தடையில்லை என்றால் அலமாரி மட்டும் எப்படித் தடையாகும்? பேய்க்கு எந்த விதியை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதிய விதியை அதே பகுதிக்குள் மீறினால் நமக்குப் பயம் போய்விடுகிறது. இந்தக் கோளாறைக் கோடி ரூபாய் கொட்டினாலும் சரிசெய்ய முடியாது. திரைக்கதைத் தாளில் ஒரு வரியை அடித்தால் போதும்.

அதே காட்சியில் அறைத்தோழியாக நடித்த பெண்ணை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆவியைப் பார்த்த பிறகும் அவள் அலறவில்லை. துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை. மடித்து வைத்த சட்டையையே பிரித்துப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். எனக்கு உண்மையாகவே பயம் வந்த இடம் அது ஒன்றுதான். எழுதியவரின் யோசனையா, நடித்தவரின் யோசனையா, யாராக இருந்தாலும் அவரிடமே மீதித் தொடரை ஒப்படைத்துவிடலாம்.

அடுத்த பகுதியில் ஆவிக்கு வசனம் இருப்பதாக முன்னோட்டத்தில் காட்டினார்கள். அதன் குரலில் கிணற்றுக்குள்ளிருந்து பேசும் எதிரொலியைச் சேர்க்காமல் விட்டார்களானால், நான் நிச்சயம் பார்ப்பேன்.