செல்ஃப் அடித்ததும் வண்டி மொத்தமும் செத்துப்போகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 8 வருடப் பெட்ரோல் கார். சாவி போட்டால் மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அத்தோடு கடிகாரம் வரை எல்லாம் அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே உயிர் வருகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? (திருப்பூர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பேட்டரியைவிட டெர்மினல் (பேட்டரிக் கம்பத்தில் வயர் மாட்டும் இடம்) மேல்தான் எனக்குச் சந்தேகம். பலவீனமான பேட்டரி பெரும்பாலும் முனகும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும், விளக்கு மங்கும். ஒரே நொடியில் எல்லாம் இருண்டு, பிறகு தானாகத் திரும்பினால் எங்கோ இணைப்பு விட்டுவிட்டுப் பிடிக்கிறது.

விளக்கு எரியும்போது வண்டி ஏன் எடுக்கவில்லை என்று பலரும் குழம்புகிறார்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்து, அங்கே 0.05 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வையுங்கள். சாவி மட்டும் போட்ட நிலையில் 5 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்தான் வீணாகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 5 வோல்ட் போய்விடும். மிஞ்சும் ஏழு வோல்ட்டில் மோட்டாரும் சுற்றாது, மீட்டரும் எரியாது. சில சமயம் அந்த ஒட்டுமே முழுசாக விட்டுப்போகும். சூடு ஆறினாலோ லேசாக அசைந்தாலோ மறுபடி பிடித்துக்கொள்ளும். உங்கள் ‘பத்து நிமிடம்’ அதுதான்.

சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் நடுவிலும், இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேலும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டது. இரண்டு கம்பத்திலும் பாருங்கள். அப்புறம் நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரை, அதாவது நெகட்டிவ் கம்பத்தை வண்டியின் உடலோடும் எஞ்சினோடும் இணைக்கும் வயரை, சோதிக்க வேண்டும். இந்த எர்த் வயரை யாருமே பார்ப்பதில்லை. நானே ஒரு வண்டிக்குப் புதுப் பேட்டரி போட்டு அனுப்பி, அடுத்த வாரம் அதே புகாரோடு திரும்பி வந்தபோதுதான் அடியில் துருப்பிடித்து நைந்துகிடந்த எர்த் பட்டையைக் கண்டேன். அந்த வண்டிக்காரர் பணம் வீணானது இன்றும் எனக்கு உறுத்தல்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தால் கம்பத்துக்குக் கம்பம் அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு விழுந்தால் பேட்டரிக்கு உள்ளேயே இணைப்பு அறுந்திருக்கிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்ய வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவி, கம்பத்தையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

கேள்வி: புதுப் பேட்டரி மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. மேடு பள்ளத்தில் போய்விட்டு வந்தால் செல்ஃப் அடிக்கும்போது எல்லாம் ‘கட்’ ஆகிறது. (தேனி)

பதில்: கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அதுதான் காரணம். பேட்டரிக் கம்பத்தில் மெல்லியது, தடித்தது என்று இரு அளவு உண்டு. தடித்த கம்பத்துக்கான கிளாம்ப்பை மெல்லியதில் மாட்டி, நடுவே தகரமோ ஆணியோ செருகி இறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கென்றே வரும் ஈய வளையத்தைப் போடச் சொல்லுங்கள், அல்லது சரியான அளவு கிளாம்ப் மாற்றுங்கள். பேட்டரியைப் பிடிக்கும் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பைக்கில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் டிஜிட்டல் மீட்டர் அணைந்து மறுபடி எரிகிறது. கிக்கர் அடித்தாலும் எடுக்கவில்லை. (நாகர்கோவில்)

பதில்: பட்டனை அழுத்தும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று அளந்து பாருங்கள். போனால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விழுந்தால் பேட்டரி முடிந்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் இசியூவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) கரண்ட் வேண்டும், அதனால் பேட்டரி செத்திருந்தால் கிக்கரும் பெரும்பாலும் பலன் தராது. பைக் பேட்டரியில் டெர்மினல் திருகு சின்னது, அதிர்வில் தளரும். அதை முதலில் இறுக்குங்கள்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால் டைனமோ நல்லதா என்று தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா? (சேலம்)

பதில்: தயவுசெய்து செய்ய விடாதீர்கள். பழைய வண்டிகளில் தப்பித்திருக்கலாம். இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரின் (டைனமோ என்று சொல்வது இதைத்தான், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் தருவது) வோல்டேஜ் எகிறும், இசியூ போய்விடலாம். எஞ்சின் ஓடும்போது கம்பங்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ நன்றாகவே சார்ஜ் செய்கிறது. 12.5லேயே நின்றால் செய்யவில்லை.

கேள்வி: பக்கத்து காரிலிருந்து ஜம்ப் கொடுத்தபோது பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஒரு பொறி, அதன்பின் ஹாரன்கூட இல்லை. (மதுரை)

பதில்: பேட்டரியை ஒட்டியுள்ள பெட்டியில் மெயின் ஃபியூஸ் எரிந்திருக்கும். பல வண்டிகளில் அது திருகி மாட்டியது, பிடுங்க வராது, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். அவசரத்துக்கென்று செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த கோளாறில் ஃபியூஸுக்குப் பதில் வயரிங்கே எரியும். புது ஃபியூஸ் போட்ட பிறகு சார்ஜிங் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இப்படி மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் அடிபடுவதுண்டு.