கடைக் கதவில் துப்பாக்கித் தடை ஸ்டிக்கர்: உரிமம் உள்ளவர் மதிக்க வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. போன வருடம் கைத்துப்பாக்கி உரிமம் எடுத்தேன். சட்டைக்குள் மறைத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். நாங்கள் வழக்கமாகப் போகும் இந்திய மளிகைக் கடைக் கதவில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்: சிவப்பு வட்டம், நடுவே துப்பாக்கிப் படம், குறுக்கே ஒரு கோடு. "அது சட்டப்படி செல்லாது, கண்டுக்காதே" என்கிறார் நண்பர். "காரிலேயே வச்சிட்டு வாங்க" என்கிறார் மனைவி. மறைத்துத்தானே வைத்திருக்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது? ஆலன் மாலில் நடந்த துப்பாக்கிச்சூடு போல ஏதாவது நடந்தால் என்ன செய்வது?

பதில்: நண்பர் சொன்ன சட்டம் சரி. ஆனால் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் சட்டம். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவை இங்கே எல்லோரும் 'தேர்ட்டி ஓ சிக்ஸ்' என்றுதான் சொல்வார்கள். கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கும் உரிமதாரரை ஒரு கடைக்காரர் எப்படித் தடுக்கலாம் என்பது அதில் இருக்கிறது. போர்டின் வாசகத்தைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் அதே வாசகம் இருக்க வேண்டும். எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறம், வருகிறவர் கண்ணில் படும் இடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்த அளவில் இரண்டு மொழியிலும் எழுதினால் கண்ணாடிக் கதவில் பெரும்பகுதி போய்விடும். வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வரும் உரிமதாரரையும் தடுக்க 30.07 என்று இன்னொரு போர்டு வேண்டும், உரிமமே இல்லாமல் வைத்திருப்பவருக்கு 30.05. மூன்றையும் மாட்டிவிட்டால் தீபாவளி ஆஃபர் போஸ்டருக்குக் கதவில் இடம் மிஞ்சாது. சின்னக் கடைகள் பலவற்றில் வெறும் ஸ்டிக்கரோடு நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த ஸ்டிக்கர் உங்களைப் போன்ற உரிமதாரரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அப்படி வைத்திருப்பவருக்கு இந்த வாசகப் பாதுகாப்பு அவ்வளவு உறுதியில்லை. ஸ்டிக்கரே போதுமான எச்சரிக்கை என்று அவருக்கு எதிராக வாதிட இடமிருக்கிறது. 'இனி உரிமம் எதற்கு' என்று உரிம வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் உண்டு. பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற ஒன்றிய அரசின் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு கொடுக்கிறது.

போர்டு ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். வாயால் சொன்னாலும் போதும். கடைக்காரரோ அவர் சார்பில் வேலை பார்ப்பவரோ "துப்பாக்கியோடு உள்ளே இருக்காதீங்க" என்று சொன்ன நொடியில் அது முழு அறிவிப்பு. முறையான 30.06 போர்டைத் தாண்டிப் போனால் கிளாஸ் சி குற்றம், 200 டாலர் வரை அபராதம். நேரில் சொன்ன பிறகும் போகாமல் நின்றால் அது கிளாஸ் ஏ ஆகிவிடும்: ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். கிளாஸ் ஏ தண்டனை வாங்கியவர் ஐந்து வருடத்துக்கு உரிமத்துக்கே தகுதி இழக்கிறார். ஆகவே யாராவது சொன்னால் "சாரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஸ்டிக்கரைக் காட்டிச் சட்டம் பேசும் இடம் அதுவல்ல.

அந்த 200 டாலரை நம்மவர்கள் பார்க்கிங் அபராதம் போலப் பேசுவதுதான் எனக்குக் கவலை. குடிமகனுக்கு அது ஓரளவு அப்படித்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அப்படியில்லை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்துக்கு மாறாகத் துப்பாக்கியை வாங்கினாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் எடுத்துச் சென்றாலும், அதற்காகத் தண்டிக்கப்பட்டால், குடிமகன் அல்லாதவரை நாடுகடத்தலாம். குற்றம் இத்தனை பெரியதாக இருக்க வேண்டும், இத்தனை மாதம் சிறை விதித்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் அளவுகோல் இல்லை. 30.06 டிக்கெட் அந்தப் பிரிவுக்குள் விழுமா என்று வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். அந்த வாதம் உங்கள் கிரீன் கார்டை வைத்து நடக்க வேண்டாம்.

எப்போதாவது அப்படி ஒரு டிக்கெட் வந்துவிட்டால் ஆன்லைனில் பணத்தைக் கட்டி முடித்துவிடாதீர்கள். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். 'டிஃபர்டு' என்று ஒரு ஏற்பாடு சொல்வார்கள், சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி. மாநிலக் கணக்கில் அது தள்ளுபடிதான், குடிவரவுக் கணக்கில் பெரும்பாலும் தண்டனை. முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போங்கள். குடியுரிமை விண்ணப்பத்திலும் இதைப் பற்றிய கேள்வி வரும், மறைக்க முடியாது.

இதைப் படிக்கும் எச்-1பி, மாணவர் விசா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கேள்வி கடைக் கதவுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே ஒன்றிய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

சரி, 'யாருக்குத் தெரியப்போகிறது' என்ற கேள்வி. மளிகைக் கடையில் தெரியும். 20 பவுண்டு அரிசி மூட்டை எப்போதும் அடித்தட்டில்தான் இருக்கும். அதைக் குனிந்து இழுக்கும்போது சட்டை மேலே ஏறுகிறது, பின்னால் தள்ளுவண்டியோடு நிற்கும் பாட்டியின் கண்மட்டத்தில் உங்கள் இடுப்பு. அவர் சத்தம் போட மாட்டார். வெளியே போய் 911-ஐ அழைப்பார், 'கடைக்குள் ஒருவர் துப்பாக்கியோடு இருக்கிறார்' என்று மட்டும் சொல்வார். வருகிற போலீஸுக்கு உங்களிடம் உரிமம் இருப்பது தெரியாது.

ஒருவேளை கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகலாம். சைவக்காரர் வீட்டுக்குள் பையில் மீன் வறுவலை மறைத்து எடுத்துப்போனாலும்தான் யாருக்கும் தெரியாது. கடைக்காரர் என்ன விரும்புகிறார் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. எழுத்து ஓர் அங்குலம் இல்லை என்பதால் புரியாத மாதிரி நடக்கலாம் என்பதுதான் நண்பரின் யோசனை.

அடுத்தது ஆலன். 2023 மே 6 அன்று அந்த அவுட்லெட் மாலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஃபிரிஸ்கோவிலிருந்து அது பக்கத்து ஊர். உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் நண்பர் கட்சிக்கு இருப்பதிலேயே வலுவான சான்று இண்டியானாவில் இருக்கிறது. 2022 ஜூலை 17, கிரீன்வுட் பார்க் மால். மூன்று பேரைக் கொன்ற துப்பாக்கிக்காரனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் 15 வினாடிக்குள் சுட்டு நிறுத்தினார். அந்த மாலின் நடத்தை விதிப்படி உள்ளே ஆயுதம் கூடாது. அவர் விதியை மதித்திருந்தால் இன்னும் பலர் இறந்திருக்கலாம், அதை மறுக்க என்னால் முடியாது. ஆனால் இண்டியானாவில் அப்படி ஒரு மால் விதிக்குச் சட்ட பலம் கிடையாது, வெளியேறச் சொல்லி மறுத்தால்தான் அத்துமீறல். அவர் சட்டத்தை மீறவில்லை. டெக்சாஸில் முறையான போர்டு உள்ள இடத்தில் நீங்கள் அந்த நிலையில் இருக்க மாட்டீர்கள்.

டெக்சாஸின் சொந்தக் கதை இதைவிடக் கொடூரமானது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசான்னா ஹப் தன் துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார், ஏனென்றால் அன்று மறைத்து எடுத்துச் செல்வதே டெக்சாஸில் குற்றம். அவருடைய பெற்றோர் இருவரும் அங்கேயே இறந்தார்கள். அவர் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார், சாட்சி சொன்னார், பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரே ஆனார். 1995-ல் உரிமச் சட்டம் நிறைவேறியது, 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடமே 30.06 வந்தது. உரிமதாரருக்கு வீதியைத் திறந்துவிட்ட அதே சட்டமன்றம், சொத்துக்காரருக்கு 'என் இடத்தில் வேண்டாம்' என்று சொல்லும் வழியையும் கொடுத்தது. உங்கள் பர்ஸில் இருக்கும் உரிம அட்டையும் கடை வாசல் போர்டும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிடிக்காத கடைக்குப் போகாமல் இருக்கலாம், வேறு கடைக்குப் போகலாம், சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாம்.

இனி, காரில் வைப்பது. மனைவி சொல்வது சரி என்றாலும், அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அதுவே ஆபத்து. டாஷ்போர்டு அறையில் போட்டுப் பூட்டுவது வைப்பதில் சேராது, திருடனுக்கு எடுத்துக் கொடுப்பதில்தான் சேரும். கண்ணாடியை உடைக்கிறவன் முதலில் கை வைக்கும் இடமே அதுதான். சின்ன எஃகுப் பெட்டி ஒன்று வாங்கி, இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் வெளியே தெரியாமல் இருக்கட்டும். துப்பாக்கியை உறையிலிருந்து உருவாதீர்கள். உறையோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டிக்குள் வையுங்கள், விசைப்பகுதி மூடியே இருக்கும். கார் இருக்கையில் உட்கார்ந்து குறுகலான இடத்தில் உருவிச் செருகும்போதுதான் கைதவறி வெடிக்கும். இதையெல்லாம் கடை வாசலில் நாலு பேர் பார்க்கச் செய்யவும் வேண்டாம். கடைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தால் வீட்டிலேயே பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பலாம், அல்லது வீட்டுப் பெட்டகத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். பின்சீட்டில் குழந்தைகள் இருக்கிற நாளில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆபீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஐ.டி. வேலை என்றால் இது உதவும். 2011 முதல் டெக்சாஸில், உரிமம் உள்ள ஊழியர் பூட்டிய சொந்தக் காரில் துப்பாக்கியை வைத்திருப்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் தடுக்க முடியாது. கட்டடத்துக்குள் தாராளமாகத் தடுக்கலாம். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஊழியர் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். 30.06 வாசகம் அதில் அச்சாகியிருந்தால் அதுவே எழுத்து அறிவிப்பு, போர்டு தேவையில்லை. வாசகம் இல்லாவிட்டாலும் வேலை போகலாம்.

போர்டே இல்லாவிட்டாலும் போகக் கூடாத இடங்கள் உண்டு. பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச் சாவடி, விமான நிலையத்தின் சோதனைக்கு அப்பாலுள்ள பகுதி ஆகியவை அதில் வரும். மதுக்கூட வாசலில் சிவப்பில் '51%' என்று பெரிதாக ஒரு பலகை தொங்கினால், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அதற்குள் துப்பாக்கியோடு போவது சில்லறைக் குற்றமில்லை, ஃபெலனி எனும் பெருங்குற்றம். தபால் நிலையம் என்றால் ஒன்றிய அரசின் விதி அதன் பார்க்கிங் வரைக்கும் நீள்கிறது, அந்த விதி மீது வழக்குகளும் நடந்திருக்கின்றன.

மாநில எல்லை தாண்டினால் கணக்கே மாறும். உங்கள் உரிமம் அங்கே செல்லுமா என்பதை முதலில் பாருங்கள். இல்லினாய் கடைகளில் நீங்கள் சொன்ன அதே மாதிரிப் படம்தான் சட்டப்படியான அறிவிப்பு, நாலுக்கு ஆறு அங்குலம். ஒஹையோவிலும் போர்டுக்குச் சட்ட பலம் உண்டு. மினசோட்டா எழுத்துருவைக்கூட விடவில்லை: ஏரியல், கறுப்பு, ஒன்றரை அங்குலம். அங்கே முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 25 டாலர். ஃபுளோரிடாவில் போர்டு மட்டும் பெரிதாக எதுவும் செய்யாது, ஆனால் வெளியே போகச் சொல்லியும் போகாவிட்டால் ஆயுதத்தோடு அத்துமீறல் என்று ஃபெலனி வரை போகும். ஹவாய் தலைகீழாகப் போனது. கடைக்காரர் அனுமதித்தால் ஒழிய உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டார்கள், அதற்கு எதிரான வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கடைசியாக ஒரு வழி. வாராவாரம் போகிற கடை, முதலாளியின் முகம் தெரியும் என்றால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டமில்லாத நேரத்தில், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போய் அவரிடமே கேளுங்கள். "அண்ணே, இந்த ஸ்டிக்கர் லைசென்ஸ் உள்ளவங்களுக்கும் சேர்த்துத்தானா?" என்று கேட்டால் போதும். யாரோ ஒருவர் தோளில் ரைஃபிளோடு உள்ளே வந்ததற்காக ஒட்டியிருப்பார், உங்களைப் போன்றவரை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அவர் "பரவாயில்லை, வாங்க" என்றால் அதுவே அனுமதி, கல்லாவில் நிற்பவருக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். "வேண்டாங்க" என்றால் அது வாய்மொழி அறிவிப்பு. அப்புறம் ஸ்டிக்கர் செல்லுமா செல்லாதா என்று நண்பரோடு விவாதிக்கவும் வேண்டியிருக்காது.