பதினாலாவது மாடியில் ஆச்சி

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். என் கணவருக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கும் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சென்னைக்குக் குடிபோக வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பு போகிறாள். மகனுக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். வேளச்சேரி, தாம்பரம், நாவலூர் என்று மூன்று ஏரியாக்களை யோசித்து வைத்திருக்கிறோம். நாவலூரில் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் பதினாலாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தோம். நீச்சல்குளம், பூங்கா, ஜிம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேளச்சேரியில் வெள்ளம் வரும் என்கிறார்கள், தாம்பரம் தூரம் என்கிறார்கள். பள்ளிக்கூடம், காற்று, பாதுகாப்பு எல்லாம் பார்த்தால் குழந்தைகளுக்கு எந்த ஏரியா நல்லது? மாமா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அத்தையும் எங்களோடு வருகிறார்கள், பகலில் குழந்தைகளை அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். 67 வயது. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. மற்றபடி எங்கே இருந்தாலும் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.

- பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: "எங்கே இருந்தாலும் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள்" என்று யார் சொன்னது? அத்தை சொன்னாரா, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா?

எத்தனையாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பெட்ரூம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிம்மைக்கூட விடவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை உங்கள் இரண்டு பிள்ளைகளையும் கையில் வைத்திருக்கப் போகிற மனுஷி மட்டும் கடைசியில், ஊர் வீட்டு வாடகைக்குச் சற்று முன்னால் வருகிறார். கட்டிலும் பீரோவும்தான் எங்கே போட்டாலும் கிடக்கும் அம்மா. புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருஷமான பெண், பிறந்து வளர்ந்த ஊரும் தாமிரபரணித் தண்ணீரும் தெருக்காரர்களும் போதும் என்று விட்டுவிட்டு உங்களுக்காகக் கிளம்பி வருகிறார். அதற்கு ஒரு வரிதானா?

சென்னைக்குக் குடிவருகிறவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் ஏரியாப் பெயர்தான் மாறும், மற்றதெல்லாம் இதேதான். பிள்ளைகளுக்கு எது நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ஏரியாவில் பகல் பன்னிரண்டு மணிக்கு யார் இருக்கப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் நீங்களும் இருக்கப் போவதில்லை, உங்கள் கணவரும் இருக்கப் போவதில்லை. ராத்திரி வந்து தூங்குகிற இரண்டு பேர் சேர்ந்து, பகலெல்லாம் வாழப்போகிற மூன்று பேருக்கு இடம் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

உங்கள் கணவருக்கு நாவலூர் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. சிறுசேரி அங்கிருந்து பக்கம், அவர் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம். நீங்கள் தரமணிக்குப் போக பழைய மகாபலிபுரம் சாலையில் வெகுதூரம் வடக்கே வர வேண்டும். மெட்ரோ ரயில் வேலை நடக்கிற சாலை அது. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழரைக்கு முன்னால் வீடு திரும்புவேன் என்று நினைக்காதீர்கள்.

அந்தப் பதினொன்றரை மணி நேரத்தை அத்தை எப்படிக் கழிப்பார்? பன்னிரண்டரைக்குப் பையன் வேன் வரும். வேன் டவருக்குக் கீழே வராது, மெயின் கேட்டோடு நின்றுவிடும். முழங்கால் வலியோடு லிஃப்டுக்குக் காத்திருந்து, இறங்கி, கேட் வரை வெயிலில் நடந்து பையனைக் கூட்டிவர வேண்டும். மூன்றரைக்கு மகளுக்காக மறுபடியும் அதே நடை. நடுவில் யாராவது வீட்டுக்கு வந்தால் செக்யூரிட்டி கேட்டில் நிறுத்திவிட்டுச் செயலியில் அனுமதி கேட்பான். அத்தையிடம் இருப்பது பட்டன் போன் என்றால் அந்த மணி தரமணியில் உங்கள் கைப்பேசியில் அடிக்கும். நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். காய்கறி வண்டிக்காரரை உள்ளே விடமாட்டார்கள், கீரைக்காரி வரமாட்டாள். எல்லாம் செயலியில்தான் வரும், அதையும் நீங்கள்தான் ஆபீஸிலிருந்து ஆர்டர் போடுவீர்கள். ஊரில் ஒரு கட்டுக் கீரைக்கு ஐந்து நிமிஷம் பேரம் பேசிய மனுஷிக்கு அந்த ஐந்து நிமிஷமும் போயிற்று. பக்கத்து வீட்டில் ஆந்திராவிலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்த இளம் தம்பதி இருப்பார்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும். பகலில் அவர்களும் வீட்டில் இருக்கமாட்டார்கள், இருந்தாலும் இரண்டு பக்கமும் சிரித்துக்கொள்வதோடு சரி.

அந்த நீச்சல்குளத்துக்கும் வருகிறேன். மூட்டுவலிக்காரர் ஒருவர், மூன்றரை வயதுப் பையனைத் தண்ணீர் இருக்கிற பக்கம் தனியாக அழைத்துப் போகவே கூடாது. அவன் ஓடினால் அவரால் ஓட முடியாது. அத்தைக்கு இது தெரியும். அதனால் வாரத்தில் ஐந்து நாளும் கீழே இறக்கமாட்டார். பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு டி.வி.யைப் போடுவார். சாயங்காலம் நீங்கள் வந்து, "பிள்ளைகளை ஏன் டி.வி. பார்க்க விடுறீங்க அத்தை?" என்று கேட்பீர்கள். குளத்துக்கும் பூங்காவுக்கும் சேர்த்து மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவீர்கள், பிள்ளைகள் அதைப் பதினாலாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு பெட்ரூம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. அத்தைக்கு? "பிள்ளைகளோடு படுத்துக்கொள்வார்கள்" என்று மனதில் பதில் ஓடுகிறது, இல்லையா? சாயங்காலம் விளக்கேற்றி உட்காரவும், அழுகை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழவும் அவருக்கென்று ஓர் அறை வேண்டும்.

எனக்கு இதில் நடுநிலை எல்லாம் கிடையாது. பெற்றவர்களைத் தனியாக விடாமல் கூட வைத்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. நீங்கள் அதைச் செய்ய நினைப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகக் கூட்டி வந்துவிட்டு, அதற்குக் கடமை என்று பெயர் வைக்காதீர்கள். ஓர் ஆயாவை வைத்தால் சம்பளம் பேசுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு தருவீர்கள், அவள் வந்துபோக பஸ் வசதி இருக்கிறதா என்று விசாரிப்பீர்கள். அத்தைக்கு இதில் எதையும் நீங்கள் கேட்கவில்லை. உங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அது உங்கள் கணவரைப் பெற்றவள். அம்மாவின் முழங்காலைப் பற்றி மருமகள் எழுதுகிறீர்கள், மகன் நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறார். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சரி, ஏரியாவுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் நான் தாம்பரத்தைத்தான் எடுப்பேன். மேற்கே முடிச்சூர் பக்கம் வேண்டாம், கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று மேடவாக்கம் வரை பாருங்கள். கோயில், மளிகைக் கடை, மாவு அரைக்கிற மில், டாக்டர் எல்லாம் தெருக்கோடியிலேயே கிடைக்கிற பழைய குடியிருப்புகள் அங்கே நிறைய உண்டு. திண்ணை இல்லாவிட்டாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிற பெரியவர்களை அங்கே இன்னும் பார்க்கலாம். உங்கள் பக்கத்துக்காரர்களும் தாம்பரத்தைச் சுற்றி நிறையவே குடியிருக்கிறார்கள். தெற்கேயிருந்து வரும் ரயில்கள் தாம்பரத்தில் நிற்கின்றன. 2023-இல் விட்ட தாம்பரம்–செங்கோட்டை ரயில் அம்பாசமுத்திரம் வழியாகவே போகிறது, தினமும் இல்லை என்பதுதான் குறை. அதே வருஷக் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கம். ஒரு கல்யாணம், ஒரு துக்கம் என்றால் அத்தை யாரையும் எதிர்பார்க்காமல் ஊருக்குப் போய்வரலாம். உள்ளூர் பயணத்துக்கு, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. கோயிலுக்குப் போக மகனிடம் காசு கேட்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமா?

தூரம் என்பீர்கள். ஆமாம், தூரம்தான். உங்கள் கணவர் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகவோ, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகவோ போய்வரட்டும். சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்கள் தாம்பரம் பக்கமிருந்து போகின்றன, அவர் கம்பெனி விடுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் தரமணி போக மேடவாக்கம், வேளச்சேரி வழி இருக்கிறது. திடமான உடம்புள்ள ஓர் ஆண் பஸ்ஸில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருவதால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தச் சிரமத்தை அவர்மேல் வைக்காவிட்டால் அது அப்படியே அவர் அம்மாவின் முழங்காலில் போய் விழும்.

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் வேளச்சேரியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மற்ற இடத்தில் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தென்சென்னையின் ஏரிகள் பல நிரம்பினால் அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். நடுவில் எங்கே அடைத்துக் கட்டினாலும் சுற்றியுள்ள தெருக்களில் நிற்கும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் மாட்டிக்கொண்டது. இதெல்லாம் ஏரியாவுக்கு ஏரியா இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். ஆகவே புரோக்கரைக் கேட்காதீர்கள், வீட்டுக்காரரையும் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். மிக்ஜாமில் தண்ணீர் எது வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்று அவர் சொல்லிவிடுவார். காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முழங்காலுக்குத் தரைத்தளம் நல்லது, மழைக்குத் தரைத்தளம் ஆகாது. இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கீழே கார் நிறுத்த இடம் விட்டு, மேலே முதல் மாடியில் வீடு, லிஃப்ட் கட்டாயம், கரண்ட் போனாலும் அது ஓடுவதற்கு ஜெனரேட்டர். நின்றுபோனாலும் ஒரே ஒரு மாடி, பிடித்துப் பிடித்து இறங்கிவிடலாம். நாவலூர் வீட்டில் அது நடக்காது.

தண்ணீரையும் கேளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நிறைய அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பி இருப்பவை, போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது நகரமே லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியது. கிழக்குத் தாம்பரத்திலும் எல்லாத் தெருவிலும் நல்ல தண்ணீர் என்று சொல்லமாட்டேன். குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பாருங்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்போன பள்ளிகளில் இந்நேரம் சேர்க்கை முடிந்திருக்கும், அதற்காக மனம் உடைய வேண்டாம். வீட்டிலிருந்து ஆச்சி நடந்து போய் அழைத்துவரக்கூடிய தூரத்தில் இருக்கிற பள்ளிதான் மூன்றரை வயதுப் பையனுக்கு நல்ல பள்ளி. மகளுக்கு வாகனம்தான் என்றால் பள்ளியின் சொந்த வாகனமா என்று பாருங்கள். 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதற்கப்புறம்தான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்து, வாகனத்தில் ஓர் உதவியாளர் இருக்க வேண்டும் என்றது. பத்துப் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போகிற ஆட்டோவில் உதவியாளரும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஊர் வீட்டை முழுதாக வாடகைக்கு விடாதீர்கள். ஓர் அறையாவது பூட்டிச் சாவியை அத்தை கையில் கொடுங்கள், வாடகையும் அவர் கணக்கிலேயே போகட்டும். முழுப் பரீட்சை லீவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டியவர் அவர்தான்.

இன்று சாயங்காலமே அத்தையிடம் பேசுங்கள். "உங்க இஷ்டம்மா" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கேளுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அடுத்த தடவை வீடு பார்க்க வரும்போது அத்தையையும் கூட்டி வாருங்கள். படி ஏறி இறங்கட்டும், கடை வரை நடக்கட்டும், பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ஒருவேளை, சென்னைக்கு வரவே மனமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். தரமணி வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, பகலில் பிள்ளைகளை யார் பார்ப்பது, அத்தையை ஊரில் யார் பார்ப்பது என்று நீங்கள் இருவரும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.