இன்று பறக்காத பழைய விமானங்களில் உங்கள் மனதில் நிற்பது எது?

ஆவ்ரோ. யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் அதில் நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. அந்த ஏக்கம் இன்றும் இருக்கிறது.

என் ஊர் களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில். கேரள எல்லை கூப்பிடு தூரம். பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் கலெக்டர் கையெழுத்துக்கும் நாகர்கோவில் போவோம். விமானம் என்றால் அன்றும் இன்றும் எங்களுக்குத் திருவனந்தபுரம்தான். அப்பா அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டினார். ஊரில் அதைப் பிளஷர் என்பார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று விமான நிலையம் இருக்கும் சங்குமுகம் வரை அவர் ஓட்டிய ஓட்டங்களுக்குக் கணக்கில்லை என்று எழுத வந்தேன். அது தவறு, கணக்கு இருக்கிறது. நீள நோட்டு ஒன்றில் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறார். தேதி, ஏற்றிய இடம், எத்தனை பேர், ரூபாய். அதற்குப் பக்கத்தில் விமானத்தின் பெயர். விமான எண் எங்கேயும் கிடையாது. 'டகோட்டா', 'ஆவ்ரோ', 'போயிங்', 'ஏர்பஸ்' என்றுதான் இருக்கும். ஏறும் ஆளை எந்த வாகனத்தில் ஒப்படைத்தோம் என்பது அவருக்கு முக்கியம்.

நோட்டு தொடங்குவது 1964இல். முதல் பக்கங்களில் டகோட்டாதான் அதிகம். அப்பா சொல்வார்: டகோட்டாவுக்கு மூக்கு வானத்தில், வால் தரையில். பின்பக்க வாசலில் ஏறுகிறவர்கள் முன்னிருக்கைக்குப் போக மேடேற வேண்டும். வயதானவர்கள் இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து ஏறுவார்களாம். எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறுவார்களே, அப்படி.

பிறகு வந்ததுதான் ஆவ்ரோ. முழுப்பெயர் ஹாக்கர் சிட்லி 748. பிரிட்டனில் வடிவமைத்தது, கான்பூரில் கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ 1961இல் பறந்தது. விமானப்படைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்குமாகச் சேர்த்து இங்கே 89 கட்டினார்கள். நம் நாட்டுத் தொழிலாளிகள் ஆணியடித்துச் சேர்த்த பயணி விமானம் அது. இதை ஒரு பெருமையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். இறக்கை தாழ்ந்திருக்கும், விசிறி தரையைத் தொடாமலிருக்க எஞ்சின்களை இறக்கைக்கு மேலே துருத்தினாற்போல் வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு தோளிலும் சுமை வைத்து நடக்கிற ஆள் மாதிரி இருக்கும்.

ஆனால் நான் நேசித்தது அதன் வடிவத்தை அல்ல, குரலை. ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் என்ற எஞ்சின் அது. நான்கு எஞ்சின் கொண்ட வைகவுண்ட், இறக்கை தலைக்கு மேல் இருக்கும் ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப், நம் ஆவ்ரோ, மூன்றிலும் அதே டார்ட்தான். ஐம்பதுகளின் பின்பாதியிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தியாவின் சிறிய, நடுத்தர ஊர்களின் வானமெல்லாம் ஒரே தொண்டையில் பாடிக்கொண்டிருந்தது.

கிளப்பும்போது முதலில் ஒரு முனகல். விசிறி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றும், நின்றுவிடுமோ என்று தோன்றும். அடுத்து மண்ணெண்ணெய் வாடை வரும். வாடை வந்த பிறகுதான் சீழ்க்கை. நாகஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன்னால் சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அந்த ஒலி மேலே மேலே ஏறிக்கொண்டே போய், பல் கூசுகிற இடத்தில் நிலைத்து நிற்கும். அதற்குள் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து ஒரு வட்டப் புகையாகியிருக்கும். வேலிக்கு வெளியே காரின் பானட் மேல் உட்கார்ந்து இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இப்போது இரண்டாவதைக் கிளப்புகிறான் மக்களே" என்பார். சரியாக இருக்கும்.

அன்று அதில் போனவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், எஸ்டேட்காரர்கள், சென்னையில் அவசர வேலை உள்ளவர்கள். வளைகுடாவுக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் முதலில் ரயிலேறித்தான் பம்பாய் போனார்கள். எழுபதுகளின் கடைசியில் ஏர் இந்தியாவின் போயிங் 707 வந்தபோது எல்லாம் மாறியது. வாலில் வில்லேந்திய தனுசு, நான்கு எஞ்சின், பின்னால் கரும்புகைக் கோடு. அப்பாவின் நோட்டில் ஓர் ஓட்டத்துக்கு ஏழு பேர், எட்டுப் பேர் என்று வரத் தொடங்குவது அப்போதுதான். போகிறவன் ஒருவன்; மீதிப் பேர் அழுவதற்காக வருகிறவர்கள். மடியில் முந்திரிக்கொத்தும் கருவாடும் ஊறுகாயுமாக ஒரு பொட்டலம். திரும்பி வரும்போது பிளாஸ்டிக் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, அதன் நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் பெயர். போயிங்கை நான் வெறுக்கவில்லை. ஆனால் அது வீட்டு ஆளைக் கொண்டுபோன விமானம். ஆவ்ரோ அப்படியில்லை. காலையில் போனவர் மறுநாளோ மறுவாரமோ வந்துவிடுவார் என்ற நம்பிக்கை அதோடு சேர்ந்தே இருந்தது.

அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தது. 1971 டிசம்பர் 9, பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஆவ்ரோ ஒன்று சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதி நொறுங்கியது. இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தபோது பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. நான் சின்னப் பையன், எனக்கு நினைவில்லை. ஆனால் நோட்டில் பார்க்கிறேன்: அதற்கடுத்த சில ஓட்டங்களில் விமானத்தின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. சங்குமுகம் போயிருக்கிறார், ஆளை இறக்கியிருக்கிறார், பணம் வாங்கியிருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. மீண்டும் 'ஆவ்ரோ' என்று எழுத அவருக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பத்மநாபசுவாமி கோவிலின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்திவைத்துப் பெருமாளுக்கு வழி விடுகிறார்கள். மலையாளத்தில் பைங்குனி, அல்பசி என்று சொன்னாலும் மாதங்கள் நம்முடையவைதான். ஒரு பங்குனி ஆறாட்டில் அப்பா என்னை அழைத்துப் போனார். எனக்கு எட்டு வயது இருக்கும். யானையையும் உடைவாளோடு நடந்து வந்த மகாராஜாவையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் குனிந்து தரையைத் தொட்டேன். சக்கரங்கள் தேய்ந்து படிந்த கறுப்புக் கோடுகள். வெயிலில் இளகி, விரலில் ஒட்டியது. வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையைக் கழுவவில்லை. அம்மா சோறு போடும்போது கையைப் பார்த்துவிட்டுத் திட்டினாள். "ஆவ்ரோவின் ரப்பர்" என்று அப்பாதான் எனக்காகப் பதில் சொன்னார்.

அந்த நிலையத்திலிருந்து முதல் விமானம் கிளம்பியது 1935 நவம்பர் 1. டாடா நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று திருவிதாங்கூர் அஞ்சல் கடிதங்களைச் சுமந்துகொண்டு பம்பாய்க்குப் போனது. சலங்கை கட்டிய கோலோடு கடிதப் பையைத் தூக்கி ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்த நாடு இது. சரியாக 21 ஆண்டு கழித்து, அதே நவம்பர் 1 அன்று, எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன.

மறைந்துபோன விமான நிறுவனங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியன் ஏர்லைன்ஸ் 2007இல் ஏர் இந்தியாவோடு இணைக்கப்பட்டு மறைந்துபோனது. 1953இல் எட்டு நிறுவனங்களைச் சேர்த்து உருவாக்கிய அரசு நிறுவனம் அது. வாயுதூத் 1981இல் தொடங்கிச் சின்ன ஊர்களுக்கெல்லாம் பறந்தது. இந்தியன் ஏர்லைன்ஸின் பழைய ஆவ்ரோக்கள் சில கடைசிக் காலத்தை அதில் கழித்தன. இவற்றைவிட எனக்கு நெருக்கமானது ஈஸ்ட் வெஸ்ட். 1992இல் அது தொடங்கியபோது, வானம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்குப் பிறகு தனியாருக்குத் திறந்தது. அதை நடத்திய தக்கியுத்தீன் வாஹித் வர்க்கலைப் பக்கத்துக்காரர். வளைகுடாவுக்கு ஆளனுப்பும் தொழிலிலிருந்து வளர்ந்தவர். எங்களைப் போன்றவர்களின் போக்குவரத்தை உள்ளங்கைபோல் அறிந்தவர். 1993இல் வேலை தேடிப் பம்பாய் போக, கொச்சியின் பழைய வில்லிங்டன் தீவு விமான நிலையத்தில் நான் முதன்முதலாக ஏறியது அவருடைய போயிங் 737இல்தான். 1995 நவம்பரில் அவரை மும்பையில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே நிறுவனமும் நின்றுபோனது. செய்தி வந்த அன்று எங்கள் அறையிலிருந்த மலையாளிகளும் தமிழர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமலிருந்தோம். எங்கள் ஆள் ஒருவர் போய்விட்டார் என்றே இருந்தது.

இனி டார்ட்டின் சீழ்க்கையைக் கேட்க வேண்டுமானால் விமானப்படையைத்தான் நம்ப வேண்டும். கான்பூர் ஆவ்ரோக்களை அவர்கள் அறுபது ஆண்டு தாண்டியும் ஓட்டினார்கள். இப்போது அவற்றின் இடத்துக்கு சி-295 என்ற விமானம் வந்துகொண்டிருக்கிறது. தென்மண்டல வான் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் என்பதால், சங்குமுகம் போகும்போதெல்லாம் காரின் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பேன்.

அப்பாவின் நோட்டில் ஆவ்ரோ என்று எழுதிய கடைசி வரியை இந்தப் பதிலுக்காக இன்று காலை தேடி எடுத்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. கடைசி என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எப்போதும் போலத்தான் எழுதியிருக்கிறார்: "குழித்துறை. இரண்டு பேர். ஆவ்ரோ. மழை. காத்திருப்புக்குப் பணம் வாங்கவில்லை."