காவிரிக் கரையில் எதை, எப்போது சாப்பிடுவது? கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றி முப்பது வருடம் கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுத்தவன் நான். கரண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பவனிடம்தானே எல்லோரும் கேள்வி கேட்பார்கள். டெல்டா பக்கம் ஊர் சுற்ற வருகிறவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் கீழே தருகிறேன்.

சென்னையிலிருந்து இரண்டு நாள் குடும்பத்தோடு வருகிறோம். எந்தெந்தக் கடையில் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா அண்ணா?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் ருசியும் அவரோடு போய்விடும், பெயர்ப் பலகை மட்டும் இங்கே நிற்கும். நான் சொல்வது நேரம். இந்த ஊர்ப் பண்டங்களில் பாதி, நேரம் தப்பினால் வெறும் பண்டம். காபி என்றால் விடியற்காலை. அசோகா அல்வா என்றால் கடாய் அடுப்பில் இருக்கும்போது. மீன் வாங்குவது என்றால் காலையில். கடப்பாவுக்குக் கிழமையே உண்டு. நேரம் பார்த்துப் போனால் சாதாரணக் கடையிலும் நல்லது கிடைக்கும்.

கும்பகோணம் டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பலகை பார்க்கிறேன். அதற்கும் ஊர்க் காபிக்கும் என்ன வித்தியாசம்?

நெடுஞ்சாலையில் பித்தளை டம்ளர் பளபளப்பாக இருக்கும். வித்தியாசம் அதற்குள் இருக்கிறது. டிகிரி காபிக்குப் பெயர் வந்த கதை இரண்டு மூன்று சொல்வார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவியை விட்டு டிகிரி பார்த்ததால் வந்தது என்பது ஒன்று. முதல் டிக்காஷனை முதல் டிகிரி என்று சொல்லப்போய் வந்தது என்பது இன்னொன்று. எந்தக் கதையை எடுத்தாலும் சாரம் ஒன்றுதான்: தண்ணீர் கலக்காத பசும்பால், சிக்கரி சேராத பொடி, இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றி இறக்காத டிக்காஷன்.

அதனால்தான் காலை ஐந்தரைக்குப் போகச் சொல்கிறேன். அப்போது பாலும் புதிது, டிக்காஷனும் புதிது. பதினொரு மணிக்குப் போனால் அதே கடையில் பால் நாலு முறை கொதித்து ஏடு கட்டியிருக்கும். டபராவில் ஊற்றி ஒரே ஒரு தடவை ஆற்றிவிட்டுக் குடியுங்கள். பத்து தடவை தூக்கி ஆற்றுவது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், அதற்குள் காபி ஆறிவிடும்.

கடப்பா என்றால் தரையில் பதிக்கிற கல்தானே? அதையா தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறீர்கள்?

கோயம்புத்தூர்க்காரர்தானே நீங்கள்? எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கல் இல்லை சார், இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்வது. கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டினால் பலருக்கு இதன் பெயரே தெரியாது.

பாசிப்பருப்பைக் குழைய வேகவைக்க வேண்டும். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உடைத்துப் போட வேண்டும், கத்தியால் வெட்டிய துண்டு கூடாது. உடைந்த ஓரங்கள் கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் நைசாக அரைத்து ஊற்ற வேண்டும். தாளிப்பில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, நீளமாக நறுக்கிய வெங்காயம். மிளகாய்த்தூளும் புளியும் கிட்டே வரக்கூடாது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் போதும். நிறம் வெளிர் மஞ்சளாக, குருமாவுக்கும் பருப்புக்கும் நடுவில் நிற்கும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டால் கசந்துவிடும். நான் சமையலுக்கு வந்த புதிதில் நூற்றைம்பது பேர் பந்திக்கு அப்படிப் பிழிந்து, மொத்த அண்டாவையும் கொட்டியிருக்கிறேன்.

பல ஓட்டல்களில் இதைத் தினமும் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள், சிலர் வாரத்தில் இன்னொரு நாளும் போடுவார்கள். முந்தின நாளே "நாளைக்குக் கடப்பா உண்டா?" என்று கேட்டு வையுங்கள். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் வாளியில் அடியில் இருப்பதுதான் கிடைக்கும்.

திருவையாறு அசோகா பார்சல் வாங்கிச் சாப்பிட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. இதற்கா இவ்வளவு பேச்சு?

பார்சல் வாங்கியதுதான் தப்பு. அசோகா என்பது பாசிப்பருப்பு அல்வா. வேகவைத்து மசித்த பருப்போடு சர்க்கரை, நெய்யில் வறுத்த கோதுமை மாவு, அப்புறம் நிறைய நெய். சூடாக இருக்கும்போது கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு இலைத் துண்டில் விழும், விரலால் எடுத்தால் இழுபடாது. ஆறினால் நெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். உங்களுக்குக் கிடைத்தது அதுதான். பக்கத்திலேயே கொஞ்சம் மிக்சர் வைத்துக் கொடுப்பார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாய் இனிப்புக்கு ஒரு வாய் காரம் இருந்தால்தான் மூன்றாவது வாய் இறங்கும்.

தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் சுமார். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று நாலு பாலம் தாண்டி, ஐந்தாவதாகக் காவிரி வரும். ஜனவரி வாக்கில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் கூட்டம் அதிகம். ஆனால் விற்பனை வேகத்தில் கடாய் ஆறவே ஆறாது. அந்த வகையில் லாபம்.

கோயில் பிரசாதத்துக்காகவே வர நினைக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

கும்பகோணத்துக்கு அடுத்த திருநாகேசுவரத்தில் தொடங்குங்கள். ஒப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியம் எதிலுமே உப்பு கிடையாது. மார்க்கண்டேய முனிவர் தன் மகளுக்கு உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது, சிறு பெண் என்று சொல்ல, பெருமாள் "உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்" என்று ஏற்றுக்கொண்டதாகத் தல வரலாறு. உப்பு போட்ட பண்டத்தை உள்ளே கொண்டுபோகவும் கூடாது, குழந்தைகள் பையில் சிப்ஸ் இருந்தால் வெளியிலேயே வைத்துவிடுங்கள். உப்பில்லாத புளியோதரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். புளியும் நல்லெண்ணெயும் சரியாக இருந்தால் மூன்றாவது கவளத்தில் நாக்கு உப்பை மறந்துவிடும்.

அப்புறம் நாகப்பட்டினம் போகும் பக்கம் திருக்கண்ணபுரம். சௌரிராஜப் பெருமாளுக்கு இரவு அர்த்தஜாமத்தில் முனியோதரம் பொங்கல் படைக்கிறார்கள். நெய் மணக்கும். பகலில் போய்ப் பொங்கல் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே தங்குமிடம் குறைவு, வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

சிதம்பரம் கொத்சு என்பது கத்தரிக்காய்க் குழம்புதானே? எங்கள் வீட்டிலும் வைப்போம்.

உங்கள் வீட்டில் வைப்பது கத்தரிக்காய்க் குழம்பு. கொத்சுவில் கத்தரிக்காயைக் குழைய மசித்து, புளி ஊற்றி, வறுத்த மல்லியும் மிளகாயும் பொடித்துப் போட்டு, எண்ணெய் மிதக்கக் கொதிக்க விடுவார்கள். காய் எது, குழம்பு எது என்று பிரிக்க முடியாது. அதற்கு ஜோடி சம்பா சாதம்: மிளகும் சீரகமும் பொடித்து நெய்யில் பிரட்டிய சாதம். நடராஜர் கோயில் நைவேத்தியம் அது. கொத்சுவை இட்லிக்கு ஊற்றித் தருகிற கடைகள் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதல் முறை சம்பா சாதத்தோடு சாப்பிடுங்கள்.

மே மாதம் வருகிறோம். நாகப்பட்டினத்தில் மீன் சாப்பாடு எப்படி?

மாதத்தைப் பார்த்தீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்றுதான். நாட்டுப் படகில் பிடிக்கும் மீன் அப்போதும் கொஞ்சம் வரும், விலை கூடும். பெரிய வஞ்சிரம் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஐஸ் பெட்டியில் பல நாள் கிடந்ததைப் பொரித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படி ஆனது, மிளகாய்த்தூள் அளவுக்கு மீறி இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மெஸ்ஸில் உட்கார்ந்ததும் "இன்றைக்கு என்ன வந்தது?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் சாப்பிடலாம். எல்லாம் இருக்கிறது என்றால் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் வந்தால் வயல் நண்டு ரசம் கேளுங்கள். ஓட்டோடு இடித்து, வடிகட்டி, மிளகு தூக்கலாக வைப்பார்கள். சளிக்கு இந்தப் பக்கத்து மருந்து. ஓட்டலில் அபூர்வம்தான், வயற்காட்டு ஊரில் தெரிந்தவர் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகூர் தர்கா போகிறோம். அங்கே என்ன சாப்பிடலாம், பாய் வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா?

சாயங்காலம் தர்கா தெருக்களில் வாடா கேளுங்கள். வடை என்று சொன்னால் உளுந்து வடை வந்துவிடும். இது அரிசி மாவில் வெங்காயம் சேர்த்து, மேலே இறால் வைத்து எண்ணெயில் பொரிப்பது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. ரவையும் முட்டையும் நெய்யும் போட்ட தம்ரூட்டும் கிடைக்கும்.

வீட்டுச் சாப்பாடு என்றால் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால்தான். சஹன் என்று ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தாளிச்சாவில் பருப்பும் காயும் எலும்புக்கறியும் சேர்ந்திருக்கும். அறிமுகம் இல்லாதவரோடு ஒரே தட்டா என்று தயங்குவீர்கள். உங்கள் பக்கம் கறித்துண்டைத் தள்ளிவிடுகிறவர் யார் என்று பார்த்தால் தயக்கம் போய்விடும்.

சாம்பார் தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் பிறந்ததாமே? அந்த அரண்மனைச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

மராட்டிய மன்னர் சாம்பாஜி பெயரில் சாம்பார் வந்தது என்பது செவிவழிக் கதை. கேட்க நன்றாக இருக்கும், அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 1855 வரை மராட்டியர் இங்கே ஆண்டார்கள், அடுப்பில் அவர்கள் கை பட்டிருக்கிறது. உளுந்து மாவைத் தயிரில் கரைத்துச் செய்யும் டாங்கர் பச்சடி, பூரணம் வைத்த போளி எல்லாம் இன்னும் வீடுகளில் உண்டு. பாகற்காய்ப் பிட்லையும் கத்தரிக்காய் ரசவாங்கியும் இந்தப் பக்கத்து வீட்டுச் சமையல்தான். ஓட்டலில் தேடாதீர்கள். கல்யாண மண்டபத்து முதல் பந்தியில்தான் கிடைக்கும், அதுவும் சமையல்காரர் பழைய ஆளாக இருந்தால்.

ஊருக்குத் திரும்பும்போது வாங்கிப் போக என்ன?

அசோகா வேண்டாம், மேலே சொல்லிவிட்டேன். அரிசி வாங்குங்கள். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர்கள் திருத்துறைப்பூண்டி பக்கம் நிறைய. மறைந்த நெல் ஜெயராமன் விதை சேகரித்துப் பரப்பிய ஊர்கள் அவை. மாப்பிள்ளைச் சம்பாவை இரவே ஊறவைக்காமல் குக்கரில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை. 2025ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்தாகப் பார்த்து எடுத்து, வாழை இலையில் சுற்றி, ஈரத்துணியில் வைத்தால் மூன்று நாள் வாடாது. ரயிலில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாங்கினால் போதும், காலையிலேயே வாங்கிப் பையில் அமுக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம்.