ஷாலுக்குப் பதில் ஒரு கத்தரிக்காயா?

கேள்வி: அக்கா, நான் குன்னூரில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் நாங்கள் ஐந்து பேர் யாராவது ஒருத்தி வீட்டில் கூடி ஸ்வெட்டர், தொப்பி என்று ஏதாவது பின்னுவோம். பதினோரு வருடப் பழக்கம். அதில் ஒருத்தி எனக்கு ரொம்ப நெருக்கம். போன வருடம் அவளுடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டரை மாதம் உட்கார்ந்து மெரினோ நூலில் இலை டிசைன் போட்ட லேஸ் ஷால் பின்னிக் கொடுத்தேன். நூலுக்கே இரண்டாயிரத்துச் சொச்சம். இதுவரை அவள் அதைப் போர்த்தி நான் பார்த்ததில்லை. இந்த மாதம் என் ஐம்பதாவது. அவள் கொடுத்தது கம்பளியில் பின்னிய ஒரு கத்தரிக்காய்! கண், மூக்குக்கண்ணாடி, கழுத்தில் ஒரு மஃப்ளர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். தள்ளுபடியில் வாங்கிய பதினான்கு கண்டு கத்தரிப்பூ நிற நூலை வைத்து நான் இரண்டு வருடமாக எல்லாவற்றையும் அதிலேயே பின்னுவதை அவள் எப்போதும் கிண்டல் செய்வாள், அதுவும் ஞாபகம் வந்தது. என் கணவர், ‘கிலோ முப்பது ரூபாய் சாமான், இதற்கா அழுகை’ என்கிறார். போன சனிக்கிழமை தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. நான் அவளை நினைக்கிற அளவு அவள் என்னை நினைக்கவில்லையோ? கத்தரிக்காய், ஷால் இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள குன்னூர் வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், கிலோ முப்பது ரூபாய்க் கத்தரிக்காய் மூன்று நாளில் வாடிச் சுருங்கிவிடும், இது உங்கள் பேத்தி காலம் வரைக்கும் அப்படியே கண்ணாடி போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கும்.

நானும் பின்னுகிறவள்தான். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர் விரலில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது, இன்னும் விடவில்லை. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், படத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தேன். படத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அதில் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது.

இரண்டரை மாத உழைப்புக்கு இவ்வளவுதானா என்கிறது உங்கள் மனசு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் கத்தரிக்காய் ஒரு மாலை வேலை என்று நினைத்திருந்தால் அது தப்பு, பின்னுகிற உங்களுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். ஷால் என்றால் டிசைன் கையில் பழகும்வரைதான் கஷ்டம், பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே வரி வரியாக ஓடும். காய் அப்படி இல்லை. காம்புப் பக்கம் எட்டு கண்ணியில் ஆரம்பிக்க வேண்டும், எட்டு கண்ணியை நாலு ஊசியில் பங்கு போட்டு, ஐந்தாவது ஊசியால் பின்ன வேண்டும், கையில் முள்ளம்பன்றியைப் பிடித்த மாதிரி இருக்கும், ஒரு ஊசி நழுவினால் எல்லாம் போச்சு. அப்புறம் பதினாறு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு என்று வயிற்றுக்கு ஏற்றிக்கொண்டே போய், மறுபடி குறைக்க வேண்டும், அதுவும் ஒரே சீராகக் குறைத்தால் தக்காளி மாதிரி ஆகிவிடும், கத்தரிக்காய்க்கு அந்தச் சாய்வு வர வேண்டும். நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னாவிட்டால் உள்ளே அடைத்த பஞ்சு கண்ணி வழியாக எட்டிப் பார்க்கும். இதற்கெல்லாம் எழுதி வைத்த அளவு கிடைத்ததோ இல்லையோ, அநேகமாகப் பின்னிப் பிரித்து, பின்னிப் பிரித்துத்தான் அந்த வடிவத்தைக் கொண்டு வந்திருப்பாள். ஜப்பானில் இந்த மாதிரிப் பொம்மைகளுக்கு அமிகுருமி என்று தனிப் பெயரே உண்டு, பெரியவர்கள் உட்கார்ந்து செய்கிற தனிக் கலை அது. விளையாட்டுச் சாமான் என்று யாரும் அங்கே ஒதுக்குவதில்லை.

சரி, உழைப்பை விடுங்கள். ஏன் கத்தரிக்காய்? முருங்கைக்காய் பின்னியிருக்கலாம், ஊட்டி கேரட் பின்னியிருக்கலாம், உங்கள் ஊருக்கு அதுதான் பொருத்தம். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ‘ஞாபகம் வந்தது’ என்று எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். இரண்டு வருடமாகக் கத்தரிப்பூ நிறத்தில் தொப்பி, கத்தரிப்பூ நிறத்தில் சாக்ஸ், கத்தரிப்பூ நிறத்தில் டீப்பாட் உறை. இத்தனை பூ பூத்தால் ஒரு நாள் காய்க்கத்தானே வேண்டும்! அம்மணி, இதை யோசித்தவள் எத்தனை நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள் தெரியுமா? எனக்கு இது புரிந்தபோது ராத்திரி பத்து மணி, சத்தமாகச் சிரித்துப் பக்கத்து அறையில் தூங்கினவரை எழுப்பிவிட்டேன்.

இந்தப் பரிசை உலகத்தில் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, அதை யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2016 ஜனவரியில் குரோஷா போடுகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்கு ஒரு போர்வை செய்து கின்னஸில் இடம் பிடித்தார்கள், அவரவர் வீட்டில் போட்ட சதுரங்களைக் கொண்டுவந்து இணைத்த போர்வை. அழகான காரியம். ஆனால் அதில் ஒரு சதுரத்தை எடுத்து யாருக்குக் கொடுத்தாலும் பொருந்தும், போர்வைக்கு அதுதான் குணம். உங்கள் ஷாலும், கோபித்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் அப்படித்தான். நல்ல ஷால், யார் தோளிலும் அழகாக இருக்கும். கண்ணாடி போட்ட கத்தரிக்காயை உங்களைத் தவிர யாருக்குக் கொடுத்தாலும், ‘இது எதற்கு?’ என்றுதான் கேட்பார்கள்.

இப்போது படம். அதைப் பெரிதாக்கி, கத்தரிக்காயின் மூஞ்சியை விட்டுவிட்டு, கழுத்தில் கிடக்கிற அந்த மஃப்ளரைப் பாருங்கள். வெள்ளை நூல், தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் ஓட்டை ஓட்டையாக ஏதோ தெரிகிறதே, அது பூச்சி அரித்ததில்லை, இலை. நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்குகிற துளைகள், நுனியில் மூன்று கண்ணி ஒன்றாகச் சேர்கிறது. ஒரு இலை சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது, நான் எண்ணின வரைக்கும் ஏழு இலை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் ஷால் இருக்கிறதல்லவா, பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே இலை. ஷாலை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்த வரியில் நூலைச் சுற்றியிருக்கிறீர்கள், எங்கே இரண்டு கண்ணியைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் இது வராது. ஐம்பது வயசுக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த வேலை! ஷாலை அவள் மறந்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் ஏன் போர்த்தவில்லை என்று கேட்பீர்கள். என் கதை ஒன்று சொல்கிறேன். என் அண்ணிக்கு ஒரு தரம் முறுக்குப் பின்னல் போட்ட கார்டிகன் பின்னிக் கொடுத்தேன், பொத்தான்கூடத் தேடித் தேடி வாங்கியது. ஒரு நாளும் போடவில்லை. எனக்கு உள்ளுக்குள்ளே புகைச்சல், அவர்கள் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் கழித்து வீடு மாற்றும்போது பீரோவைக் காலி செய்யப் போனால், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, கடை மடிப்புக் கலையாத மாதிரி இருக்கிறது கார்டிகன். ‘போட்டா வீணாயிடுமேன்னு வெச்சிருக்கேன்’ என்றார் அண்ணி. ஒன்பது வருடப் புகைச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது சொல்லுங்கள்.

லேஸ் ஷால் அதைவிட மோசம். வளையலில் மாட்டும், தாலிச் சங்கிலியில் மாட்டும், ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும் என்று பயம். சுத்த மெரினோவை வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு போட்டால் சுருங்கிக் கெட்டியாகிக் குழந்தைத் துணி ஆகிவிடும், இது பின்னுகிறவளுக்கு நன்றாகவே தெரியும். குன்னூர்க் குளிரில் காலையில் அடுப்படிக்குப் போகிறவள் முழங்கை கிழிந்த பழைய ஸ்வெட்டரைத்தான் மாட்டிக்கொள்வாள், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். பெரிய பரிசுக்கு இப்படி ஒரு கனம் உண்டு. வெளிநாட்டில் பின்னுகிறவர்களிடம் ஸ்வெட்டர் சாபம் என்று ஒரு நம்பிக்கையே இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால் அவன் ஓடிப்போய்விடுவானாம். சாபமாவது ஒன்றாவது, அத்தனை மாத உழைப்பைத் தலைவழியாக மாட்டிவிட்டு, ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு?’ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவன்தான் ஓடமாட்டான்.

நமக்கெல்லாம் இந்தக் கொடுக்கிற வெறி கொஞ்சம் ஜாஸ்திதான், ஒத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் ஃபிலிப் தீவில் கடலில் கசிந்த எண்ணெய் ஒட்டி வரும் சின்ன இனப் பென்குவின்கள், இறகைக் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்க, கழுவிவிடும் வரை ஸ்வெட்டர் மாட்டி வைக்கிறார்கள். அதற்குப் பின்னித் தாருங்கள் என்று கேட்டதும் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவிந்துவிட்டது. பென்குவினுக்குத் தேவைப்பட்டது போக மிச்சத்தைப் பொம்மைப் பென்குவினுக்கு மாட்டி விற்று நிதி சேர்த்தார்கள். இத்தனை ஸ்வெட்டர் வேண்டுமா என்று பென்குவினை யாரும் கேட்கவில்லை. உங்கள் தோழிக்கு ஷால் வேண்டுமா என்று நீங்கள் கேட்டீர்களா?

இதற்காக அவள் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஐந்து பேர் நடுவில், வர்க்கியும் டீயுமாக எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வருடமாக ஷாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள் கத்தரிக்காயை எடுத்து நீட்டினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். முதல் நாளே தனியாகக் கொடுத்திருக்கலாம். மஃப்ளரைத் தொட்டுக் காட்டி, ‘இதைப் பாருடி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறும்புக்காரர்களுக்கு இது ஒரு வியாதி, எதிராளி தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள், எதிராளி அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இந்நேரம் அவளும் அங்கே, ‘இவள் ஏன் வரவில்லை, மஃப்ளரைப் பார்த்தாளா இல்லையா?’ என்று புழுங்கிக்கொண்டுதான் இருப்பாள்.

தலைவலியை இந்த வாரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போங்கள், எல்லோரும் கூடுவதற்கு அரை மணி முன்னாலேயே அவள் வீட்டுக்குப் போங்கள். ‘ஏன் போர்த்தவில்லை?’ என்று ஆரம்பிக்காதீர்கள், அது கோர்ட்டு மாதிரி இருக்கும். ‘அந்த ஷாலை எடுடி, ஒரு வருஷம் ஆச்சு, நனைச்சு இழுத்துப் போடணும்’ என்று சொல்லுங்கள். லேஸுக்கு அது உண்மையிலேயே தேவையும்கூட, இளஞ்சூட்டுத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, மெத்தை மேல் விரித்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால் இலையெல்லாம் மறுபடி விரிந்துகொள்ளும். குண்டூசி குத்த இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி இழுக்க ஒருத்தி குத்த. அந்த அரை மணியில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம், முகம் பார்க்காமல் கை வேலையாக இருக்கும்போது பேசுவது சுலபம். அவள் பயந்து வைத்திருந்தால், கிழிந்தால் நான் பின்னிச் சரிசெய்து தருகிறேன், தைரியமாகப் போர்த்து என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்று ஆசை இருந்தால் அதையும் வாய்விட்டுக் கேளுங்கள், ‘அடுத்த வருஷம் எனக்குச் சாக்ஸ் பின்னித் தா’ என்று. கேட்டு வாங்கினால் அன்பு குறைந்து போகாது.

அப்புறம் அந்தக் கத்தரிக்காய்க்குப் பதில் மரியாதை செய்யாமல் விடலாமா? இன்னொரு ஷால் வேண்டாம், தயவுசெய்து. உங்கள் ஊருக்கும் ஊட்டிக்கும் நடுவில் கேத்தியில்தான் ‘போனி’ (Pony) கம்பெனியின் பின்னல் ஊசியே தயாராகிறது, சன்ன ஊசி ஒரு செட் வாங்குவதற்குப் பெரிய அலைச்சல் இருக்காது. நீங்கள் அசைவமா என்று எழுதவில்லை. அசைவம் என்றால் கருவாடு பின்னுங்கள், நெத்திலிக் கருவாடு, ஒரு ஏழெட்டு. கத்தரிக்காயும் கருவாடும் சேர்ந்தால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. சாம்பல் நிற மிச்ச நூல் போதும், ஆறு கண்ணியில் ஆரம்பித்து வயிற்றில் பத்துக்கு ஏற்றி வாலுக்கு மூன்றாகக் குறையுங்கள், பஞ்சு அடைக்காதீர்கள், கருவாடு தட்டையாகத்தான் இருக்க வேண்டும். தலை பின்னி மெனக்கெட வேண்டாம், நெத்திலிக்குத் தலையைக் கிள்ளிவிட்டுத்தானே குழம்பில் போடுவோம். சைவம் என்றால் ஒரு புளியங்கொட்டை நிறக் கண்டு எடுத்து புளி உருண்டை பின்னுங்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, சணலால் சுற்றிக் கொடுங்கள். அப்படியே எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.